முத்தும் ஒடியலும்

மன்னார் என்ற பெயரைக் கேட்டதும் முத்து நினைவுக்கு வருவது இயல்பு. உரோம நாட்டு அறிஞர் பிளினி, தப்ரபேன் என்று அந்நாளில் வழங்கிய இலங்கைத் தீவின் முத்துகளைச் சிறப்பித்து எழுதினார். 1344ஆம் ஆண்டில் இத்தீவின் மேற்குக் கரையில் வந்திறங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னிலையில் முத்துகள் தரம் பிரிக்கப்பட்டதைக் கண்டதாகக் குறித்திருக்கிறார். மன்னாரைப் போர்த்துக்கேயர் 1560இலும், ஒல்லாந்தர் 1658இலும், ஆங்கிலேயர் 1795இலும் கைப்பற்றினர். மூவரும் முத்தின் கணக்கைக் கவனத்தோடு எழுதி வைத்தனர். இத்தனை தோணி, இத்தனை சிப்பி, இத்தனை வருவாய் என ஏடுகள் பெருகின.

அக்கரையிலே வாழ்ந்த குடும்பங்களுக்கோ வேறொரு கணக்கு இருந்தது. அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அடுத்த விளைச்சல் வரும்வரை பானையிலுள்ள ஒடியல் போதுமா? மூத்தவனைக் கடலுக்கு அனுப்புவதா, பள்ளிக்கு அனுப்புவதா? பருவம் மாறி மறுகரைக்குப் போகும்போது கைக்குழந்தையை உடன் கொண்டு செல்வதா, பாட்டியிடம் விட்டுச் செல்வதா? இவையே அந்தக் கணக்கின் உருப்படிகள். அரசாங்கத்தின் முத்துக் கணக்கையும் இந்த வீட்டுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு, மன்னார்க் கரையின் பிள்ளைகளை வளர்த்தெடுத்தது முத்து அன்று என்பது விளங்கும்.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 16 மைல் நீளமுள்ள மணற்றிடல். இலங்கையிலே மழை மிகக் குறைந்த இடங்களுள் அதுவும் ஒன்று. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வதே மழை. மற்றை மாதங்களில் வெயிலும் காற்றுமே. வயல் என்று சொல்லத்தக்கது தீவிலே அரிது. பனையும் முட்புதரும் வெள்ளாடும் கழுதையுமே கண்ணிற்படும். ஆழமில்லாத கிணறுகளில் நல்ல நீர் ஊறும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அந்நீரும் உவர்ப்பாகும். இத்தகைய மண்ணில் நான்கைந்து பிள்ளைகளை ஆளாக்க வேண்டிய தாய்க்கு ஒவ்வொரு நாளும் ஒரு தீர்மானமாகவே இருந்தது.

முத்துக் குளிப்பு எவ்வாறு நடைபெற்றது என்பதை முதலிற் காண்போம். தீவுக்குத் தெற்கே, பெருநிலத்துக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே கடலடியிலுள்ள பார்களிலே சிப்பிகள் விளைந்தன. இரு பருவக் காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியுற்றிருக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே குளிப்புக்கு ஏற்றவை. நள்ளிரவில் கரைக்காற்றை வாங்கித் தோணிகள் புறப்படும். கதிரவன் எழுந்தது முதல் நண்பகல் வரை குளிப்பு நடைபெறும். கல்லிலே கால் வைத்து ஒருவர் மூழ்க, மேலே ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். மூழ்கியவர் ஒரு நிமிட அளவு கடலடியிலிருந்து, கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பார். கயிறு பிடித்தவரின் கவனத்தில் குளிப்பவரின் உயிர் இருந்தது.

சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதுவோரும் கரையில் இருந்தனர். கடல்கட்டி என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். ஆங்கில அரசாங்கத்துக்கு அந்த மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆயினும் கடல்கட்டி இல்லாமல் குளிப்போர் கடலில் இறங்க மாட்டார் என்பதனால் அவரை ஏற்றுக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைக் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தென்னன்ற் இதனைத் தம் நூலிலே விவரித்துள்ளார். கணவனையோ மகனையோ கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையிலிருந்த பெண்டிர்க்கும் அந்த மந்திரம் ஓர் ஆறுதலாக இருந்திருக்கும்.

நண்பகலின் பின் கடற்காற்றோடு தோணிகள் திரும்பும். சிப்பிகள் யாவும் அரசாங்கத்தின் அடைப்பிலே கொட்டப்பட்டு மூன்று பங்காக்கப்படும். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. ஒரு பங்கு குளித்தவருக்கு. அந்த ஒரு பங்கிலும் கயிறு பிடித்தவருக்கும் தோணியுடையவருக்கும் உரிமை உண்டு. எஞ்சியதைச் சாக்கிலிட்டுக்கொண்டு அடைப்பின் வாயிலைக் கடக்கும்போது, சிறு வணிகர் அங்கே சூழ்ந்து நிற்பர். வீட்டின் முதலாவது தீர்மானம் அவ்விடத்திலேயே எழுந்தது. சிப்பியை அப்படியே விற்றால் அன்றைக்குக் கையிற் காசு கிடைக்கும். விற்காமல் வைத்து அழுகவிட்டுக் கழுவிப் பார்த்தால், ஆணி முத்து ஒன்று கிடைத்தாலும் கிடைக்கலாம். தூளன்றி வேறொன்றும் கிடைக்காமலும் போகலாம். குளித்தவர் பெரும்பாலும் வாயிலிலேயே விற்றுவிட்டனர். அரிசிக் கடனும் துணிக் கடனும் உள்ள வீட்டுக்கு, வந்தால் வரும் என்னும் முத்தைவிட அன்றைய காசே உறுதியானதாகத் தோன்றியது. அதனை அறியாமை என்று கொள்ளுதல் தகாது. சிப்பியைத் திறந்து பார்க்கும் துணிவு, ஒன்றும் கிடைக்காவிடினும் மறுநாள் உலை வைக்க இயன்றவருக்கே உரியது.

முத்துச் சலாபத்தை ஆண்டுதோறும் வரும் அறுவடை என்று எண்ணுவோரும் உண்டு. உண்மை அதுவன்று. சிப்பி முதிர்வதற்கு நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். முதிரும் முன்னரே அவை கூட்டத்தோடு மறைந்துவிடுவதும் உண்டு. தென்மேற்குப் பருவக் காற்றின் வேகத்தில் கடலடி மணல் புரண்டு சிப்பிகளை மூடிவிடும். திருக்கை மீன்கள் தின்றுவிடும். முன்னைய குளிப்பில் மிகுதியாக அள்ளியதும் காரணமாகலாம். இவற்றை ஆராய்வதற்காக இலிவர்பூற் பேராசிரியர் எர்ட்மன் 1902இல் இலங்கைக்கு வந்தார். அவரும் அவருடைய துணைவர் ஓர்னலும் பார்களை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். 1837இல் ஒரு குளிப்பு நடந்தது. அதன் பின் 1855 வரை ஒன்றுமில்லை. 1863இல் நடந்த பின்னர் 1874 வரை ஒன்றுமில்லை. 1891க்குப் பின் 1903 வரையும் இல்லை. இந்த மூன்று இடைவெளிகள் மட்டுமே சேர்ந்து 38 ஆண்டுகள்.

1837ஆம் ஆண்டில் இக்கரையிலே பிறந்த ஒரு பெண் குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். முத்துச் சலாபம் மீண்டும் கூடியபோது அவளுக்கு 18 வயது. கையிலே முதற் பிள்ளையும் இருந்திருக்கலாம். 1863இல் அவளுக்கு 26 வயது. அதன் பின் 37 வயது வரையுள்ள காலம், பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் மருந்தும் மிகுதியாக வேண்டிய காலம். அந்தப் பதினோராண்டுக் காலத்தில் முத்திலிருந்து ஒரு காசும் வரவில்லை. 54 வயதில் மற்றுமொரு குளிப்பைக் கண்டபின், அடுத்ததைக் காண அவள் 66 வயது வரை இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இருந்திருந்தால், 1903 முதல் 1907 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து நடந்த பெருங் குளிப்பைப் பேரப்பிள்ளைகளோடு கண்டிருப்பாள்.

1905ஆம் ஆண்டின் சலாபமே அவற்றுள் மிகப் பெரியது. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. அதனைக் கண்டு மகிழ்ந்த இலண்டன் வணிகர் ஒரு கம்பெனி கூட்டி, 1906இல் இருபது ஆண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தனர். 1907க்குப் பின் சிப்பி விளையவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. 1925இல் மீண்டும் ஒரு குளிப்பு நடந்தது. பழைய முறையிலான பெருங் குளிப்பு அத்தோடு நின்றது. அதே காலத்தில் சப்பான் நாட்டு மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தையை நிறைத்தன. பஃறெயின், குவைத் முதலிய நாடுகளில், குளிப்போர் முற்பணம் வாங்கி வீட்டாரிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குச் செல்வது வழக்கமாயிருந்தது. தீராத கடன் தந்தைக்குப் பின் மகனைத் தொடர்ந்தது. முத்தையே நம்பியிருந்த அந்நாட்டுக் குடும்பங்கள் 1930ஆம் ஆண்டையடுத்துப் பெருந் துன்பத்துக்குள்ளாயின. இலண்டன் கம்பெனி கலைந்த போதிலும் மன்னார்க் கரையின் குடும்பங்கள் கலையவில்லை. அதற்குக் காரணம் வீட்டுக்குள்ளே இருந்தது.

முத்துக் குளிப்புக்குரிய மாசி, பங்குனி மாதங்களே பனங்கிழங்கு கிண்டி ஒடியல் உலர்த்துவதற்கும் ஏற்ற மாதங்கள். ஆவணியை அடுத்துப் பனம்பழம் விழும். பழத்தின் களியைப் பிழிந்து பாயிலே ஊற்றி வெயிலில் உலர்த்தினால் பனாட்டு ஆகும். களி நீங்கிய விதைகளை மண்மேடு கூட்டிப் பாத்தியில் அடுக்குவர். மாரி மழையில் அவை முளைத்துக் கிழங்கு வைக்கும். தைக்குப் பின் கிழங்கைக் கிண்டி, தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, வெயிலிலே காய வைப்பர். பச்சையாகக் காய்ந்தது ஒடியல். அவித்துக் காய்ந்தது புழுக்கொடியல். நன்றாகக் காய்ந்த ஒடியல் மாதக் கணக்கில் கெடாது. இடித்து மாவாக்கி, நீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்கி, பிட்டு அவிக்கலாம். மீனும் கீரையும் சேர்த்துக் கூழ் காய்ச்சலாம். ஒரு பிடி மாவும், வலையிற் பட்ட சிறு மீன் நாலும், முற்றத்து முருங்கை இலையும் இருந்தால் வீட்டிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு வேளை உணவு உண்டு.

ஆகவே முத்துச் சலாபம் கூடிய ஆண்டுகளில் வீட்டிலே ஒரு கேள்வி எழுந்தது. ஆடவர் முகாமுக்குச் செல்வர். பெண்களும் பெரிய பிள்ளைகளும் அவர்களோடு சென்று அங்கே சோறு விற்கலாம், நீர் சுமக்கலாம். அல்லது ஊரிலேயே இருந்து கிழங்கைக் கிண்டலாம். முகாமிலே ஆயிரக்கணக்கான மக்கள் சில வாரங்களுக்குள் கூடுவர். அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈயும் பெருகும். வாந்திபேதியின் அச்சம் எப்போதும் உண்டு. பாத்தியில் விட்ட கிழங்கோ காத்திராது. நாள் கடந்தால் முளை ஓடி நாராகும். குழந்தையுள்ள தாய் ஊரில் இருந்து ஒடியல் உலர்த்துவதே குடும்பத்துக்கு நன்று. கணவன் கொண்டுவரும் காசு கடனை அடைக்கும். மகளுக்கு ஒரு சோடு தோடு செய்விக்கும். ஆனால் ஐப்பசி மழையில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாள்களில், பிள்ளைகளின் பசியைத் தீர்ப்பது பானையிலுள்ள ஒடியலே.

கடலும் ஒரே இடத்தில் நின்று பிழைக்க விடவில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தீவின் தென்கரை கொந்தளிக்கும், வடகரை அமைதியாயிருக்கும். வடகீழ்ப் பருவத்தில் நிலைமை மாறும். மீன்பிடிப்போர் பருவத்துக்குப் பருவம் கரை மாற்றி, ஓலையால் வாடி அடித்துத் தங்கினர். குடும்பத்தோடு போனால் கருவாடு உலர்த்தத் துணை உண்டு. சமைத்துக் கொடுக்கவும் ஆள் உண்டு. ஆனால் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும். வாடிக்கு அருகே நல்ல நீர் கிடைப்பதும் உறுதியில்லை. இதனால் பாட்டி என்பவள் இக்கரையில் ஒரு வீட்டின் தூணாக இருந்தாள். படிக்கும் பிள்ளைகள் அவளோடு ஊரில் நிற்க, பால்குடி மறவாத பிள்ளை தாயோடு வாடிக்குச் சென்றது. ஒரே குடும்பம் ஆண்டில் சில மாதம் இரண்டு அடுப்பாகப் பிரிந்தது.

தீவிலே விளையாத நெல்லுக்குப் பெருநிலத்தை நாட வேண்டியிருந்தது. மாதோட்டப் பகுதியில் கட்டுக்கரைக்குளம் என்னும் பண்டைப் பேரேரி உண்டு. நெடுங்காலம் தூர்ந்து கிடந்த அக்குளம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே திருத்தப்பட்டது. அதன்கீழ் விளைந்த நெல்லும் கரையின் கருவாடும் கைமாறின. பனையோலையில் பெண்கள் இழைத்த பாயும் பெட்டியும் கடகமும் அவ்வாறே விலையாயின. சிறுமியர் தாயின் அருகிலிருந்து ஓலை வார்ந்து பழகினர். அதில் வரும் சில்லறையைத் தாய் தனியே முடிந்து வைப்பாள். மருத்துவச்சிக்கும் மருந்துக்கும், மடுத் திருவிழாவுக்குப் போகும் வண்டிக்கும் அந்த முடிச்சே உதவியது.

பள்ளி பற்றிய தீர்மானமே எல்லாவற்றினும் கடினமானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் கத்தோலிக்கக் குருமாரும் கன்னியரும் வட மாகாணத்தில் கல்விப்பணியை விரிவாக்கினர். கோயிலை அடுத்துப் பள்ளி எழுந்தது. முஸ்லிம் ஊர்களில் குர்ஆன் ஓதும் பள்ளிகள் இருந்தன. ஆயினும் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் கரைவலைக் கயிற்றை இழுக்கப் பழகியவுடன் அவன் ஒரு சம்பாத்தியக்காரன் ஆகிறான். அவனைப் பள்ளியில் வைத்திருப்பது என்பது, சம்பளப் பணம் கொடுப்பதோடு அவன் கொண்டுவரும் மீனையும் விட்டுவிடுவதாகும். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பள்ளிச் சம்பளம் என்ற சுமை நீங்கியது. கரையிலே இழக்கும் மீன் என்ற சுமை நீங்கவில்லை. அந்தச் சுமையைப் பெற்றோரே ஏற்றனர். பல வீடுகளில் ஒரு மகன் தந்தையோடு வள்ளத்தில் ஏற, மற்றவன் புத்தகத்தோடு பள்ளிக்குச் சென்றான். கடலுக்குச் சென்றவனின் உழைப்பே தம்பியைப் படிக்க வைத்தது என்பதை அவ்வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

அவ்வாறு படித்தவர்க்கு மாதச் சம்பளம் என்பது எட்டியது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கியபின், இறங்குதுறையிலும் புகையிரத நிலையத்திலும் வேலைகள் தோன்றின. ஆசிரியர் வேலையும் எழுதுவினைஞர் வேலையும் கிடைத்தன. குறித்த நாளில் வரும் சிறு தொகை, எப்போதோ வரும் பெருந்தொகையைக் காட்டிலும் பிள்ளை வளர்ப்புக்கு உதவும் என்று ஒடியற்பானை கற்பித்த பாடமே இங்கும் பொருந்தியது.

ஆயினும் எந்தச் சேமிப்பும் எல்லா நாளும் காவாது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த பெரும் புயல் தனுக்கோடியை அழித்தது. மன்னார்த் தீவிலும் பெருஞ் சேதம் விளைத்தது. கப்பல் அதன்பின் இராமேசுவரத்துக்கு மாறி, 1980களின் நடுப்பகுதி வரையே ஓடியது. 1990 சூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இக்கரையிலிருந்து படகேறித் தமிழ்நாட்டுக்குச் சென்று மண்டபம் முதலிய முகாம்களில் தங்கின. வேறு பல குடும்பங்கள் மடுக் கோயிலைத் தஞ்சமடைந்தன. அவ்வாண்டு அக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலான ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்கள் பிள்ளைகளோடு படகுகளிற் கற்பிட்டிக்குச் சென்று, புத்தளம் மாவட்டத்தின் ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக் கணக்காக வாழ்ந்தனர்.

படகிலே இடம் சிறிது. எடுத்துச் செல்லக்கூடியதும் சிறிது. பனையை எடுத்துச் செல்ல இயலாது. கிணற்றையும் வலையையும் வள்ளத்தையும் விட்டே செல்லவேண்டும். தலைமுறை தலைமுறையாக நாளைக்கென்று வைத்து வாழ்ந்த மக்களுக்கு, வைத்ததெல்லாம் பின்னே நிற்க, பிள்ளைகள் மட்டும் முன்னே இருந்தனர். எனவே முகாம்களிலே அவர்கள் முதலிற் கேட்டவற்றுள் ஒன்று பள்ளி. மண்டபத்திலும் புத்தளத்திலும் அகதிக் குழந்தைகள் வகுப்பறைகளில் அமர்ந்தனர். கையில் எஞ்சிய சேமிப்பு அது ஒன்றே என்பதைப் பெற்றோர் உணர்ந்திருந்தனர்.

2009இல் போர் ஓய்ந்தது. பல குடும்பங்கள் திரும்பின. சில இன்னும் திரும்பவில்லை. 1990 முதல் ஓடாதிருந்த தலைமன்னார்ப் புகையிரதம் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. முத்துச் சலாபத்தைப் பார்வையிடுவதற்கென்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள்பதி பிரெடெரிக் நோர்த் அரிப்பிலே கட்டிய மாளிகை, கடல் அரித்த கரையோரத்தில் இடிந்து நிற்கிறது. வெளியூரார் அதனைப் பார்க்கச் செல்வதுண்டு. அவ்வழியே தீவுக்குள் வருவோர், தை மாசி வெயிலில் முற்றங்களைப் பார்த்தால், பனையோலைப் பாய்களில் ஒடியல் பரப்பிக் கிடப்பதை இன்றும் காணலாம்.